மென்மை வேறு, மெத்தனம் வேறு

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை வடக்கே கட்டுமாவடியில் தொடங்குகிறது. அங்கிருந்து தெற்கே சுமார் 42 கிலோமீட்டர், 32 மீனவ கிராமங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கட்டுமாவடி மீன் மார்க்கெட்டில் விடிவதற்குள் ஏலம் களைகட்டிவிடும். நண்டும் இறாலும் கூடை கூடையாகக் கைமாறும். வருடத்தில் ஓரிரு முறை மட்டும் இந்தக் கரையில் காக்கிச் சட்டைகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தெரியும். அது ‘சாகர் கவாச்’ ஒத்திகை நடக்கும் நாள். மாறுவேடத்தில் இருக்கும் போலீஸார் தீவிரவாதிகள்போலப் படகில் வந்து கரையேறப் பார்ப்பார்கள். சீருடையில் இருப்பவர்கள் அவர்களை மடக்க வேண்டும். சாலையில் வாகனச் சோதனை நடக்கும், கரை திரும்பும் மீனவர்களிடம் அடையாள அட்டை கேட்பார்கள். ஒத்திகை முடிந்ததும் கடற்கரை பழையபடி ஆகிவிடும்.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு வந்த ஏற்பாடுகள் இவை. பத்துப் பேர் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தி, கடல்வழியே வந்து 166 உயிர்களைக் குடித்தார்கள். அப்போதும் அதற்குப் பின் குண்டு வெடித்த ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சுதான் எழுகிறது. நம் நாட்டில் சட்டம் தளர்வாக இருக்கிறது, கோர்ட்டு, வாய்தா, மனித உரிமை என்று இழுத்தடித்தால் யாருக்குப் பயம் வரும், ஜனநாயகம் என்றாலே இளைத்துப்போன அரசுதானே என்று டீக்கடை பெஞ்சு முதல் தொலைக்காட்சி விவாதம் வரை கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பெற்ற பிள்ளையைக் குண்டுவெடிப்பில் பறிகொடுத்தவரிடம் போய் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவைப் படித்துக்காட்ட யாருக்கும் மனம் வராது. ஆனால் பதிலை ஆத்திரத்திலிருந்து தேடாமல் நடந்த வரலாற்றிலிருந்து தேட வேண்டும். அந்த வரலாற்றில் பெரும்பகுதி கட்டுமாவடி இருக்கும் இந்தப் பாக் நீரிணையின் இரு கரைகளிலும் நடந்ததுதான்.

1980-களில் இந்தக் கரை எப்படி இருந்தது என்பதை நடுவயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இலங்கைத் தமிழர்மீது இங்கிருந்த அனுதாபத்தின் நிழலில் ஆயுதக் குழுக்களும் தங்கின. 1990 ஜூன் 19-ஆம் தேதி சென்னை கோடம்பாக்கத்தில், ஒரு பெருநகரத்தின் நடுவே, இலங்கைத் தமிழ் இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பின் தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கொலையாளிகளான விடுதலைப் புலிகள் தப்பி, கடல் கடந்து போனார்கள். அன்றைய மாநில நிர்வாகம் கண்டிப்பாக நடந்திருந்தால் இது நடந்திருக்காது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. விடுதலைப் புலிகளிடம் மென்மை காட்டியது என்று சொல்லி, 1991 ஜனவரி 30-ஆம் தேதி தி.மு.க. ஆட்சியை மத்திய அரசு கலைத்தது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தராமலே கலைப்பு நடந்தது. மென்மையான அரசு போய்விட்டது. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. சட்டமன்றத்தின் குறுக்கீடு கிடையாது, கையில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவும் இருந்தது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார்.

பாதுகாப்புக் குறைபாடுகளை விசாரித்த நீதிபதி வர்மா கமிஷன், சட்டத்தின் பலவீனத்தைப் பற்றிப் பேசவில்லை. பிரதமர் பதவி போனதும் ராஜீவுக்கு இருந்த சிறப்புப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது, அதற்கு ஈடாக உருப்படியான ஏற்பாடு செய்யப்படவில்லை, மைதானத்தில் தலைவரை யார் நெருங்கலாம் என்ற வரம்பு காற்றில் பறந்தது என்று நிர்வாகத்தின் தவறுகளைத்தான் அடுக்கியது. கட்சிக்காரர்களின் பொறுப்பையும் சுட்டியது. ஆட்சியின் பெயர் மாறியது, சட்டம் கடுமையாகவே இருந்தது, மைதானத்தில் செய்ய வேண்டிய வேலை மட்டும் நடக்கவில்லை. இதற்குப் பெயர் மெத்தனம்.

கொலைக்குப் பின் கடுமை வந்தது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரின் கொலைக் குற்றத் தீர்ப்பை ரத்து செய்தது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள் என்றது. இந்த வழக்குக்குத் தடா சட்டத்தின் பயங்கரவாதப் பிரிவுகள் பொருந்தாது என்றும் சொன்னது. அந்த நால்வரில் ஒருவரான பேரறிவாளனுக்கு எதிராக இருந்தது ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக்கொடுத்தார் என்ற வாக்குமூலம். சாதாரணச் சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் சொல்லும் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. தடா அதற்கு வழிவிட்டது. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே 2013-ல், அவர் சொன்னதில் முக்கியமான ஒரு பகுதியைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். 19 வயதில் உள்ளே போனவர் 31 ஆண்டு கழித்து, 2022 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் வெளியே வந்தார்.

தடாவின் கதை மொத்தமும் இப்படித்தான். 1985-ல் வந்து 1995-ல் காலாவதியாகும் வரை நாடு முழுக்க 76,000-க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. மீதிப் பேர் சிறையில் கழித்த ஆண்டுகளுக்குக் கணக்கில்லை. போலீஸாரின் நேரமும் உழைப்பும் இந்த வழக்குகளில் கரைந்தன.

பிறகு வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா இன்னும் தெளிவான பாடம். 2001 அக்டோபரில் அது அவசரச் சட்டமாக வந்தது. அது அமலில் இருக்கும்போதுதான் அந்த ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. 2002 மார்ச்சில் முழுச் சட்டமானது. செப்டம்பரில் குஜராத்தின் அக்ஷர்தாம் கோயிலுக்குள் புகுந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அக்ஷர்தாம் வழக்கில் பொடா நீதிமன்றம் தண்டித்த ஆறு பேரையும், தூக்கு விதிக்கப்பட்டவர்கள் உட்பட, 2014 மே 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிரபராதிகள் என்று விடுவித்தது. அப்படியானால் உண்மையான குற்றவாளிகளின் பின்னால் இருந்தவர்கள் யார்? கடுமையான சட்டம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வேலையையே நிறுத்திவிட்டது. கிடைத்தவரைப் பிடித்து உள்ளே வைத்ததும் வழக்கு முடிந்ததாகக் கணக்கு.

தமிழ்நாட்டில் பொடா யார்மீது பாய்ந்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். திருமங்கலம் கூட்டத்தில் பேசிய பேச்சுக்காக 2002 ஜூலையில் வைகோ கைதானார். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த வாஜ்பாய் அரசின் கூட்டணியில்தான் அவருடைய கட்சி இருந்தது. வேலூர் சிறையில் 19 மாதங்கள். பழ.நெடுமாறனும் ‘நக்கீரன்’ கோபாலும் அதே சட்டத்தில் உள்ளே போனார்கள். இவர்களுடைய கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் இவர்கள் கையில் இருந்தது மைக்கும் பேனாவும். அந்தச் சட்டத்தால் எந்தத் துப்பாக்கி கீழே இறங்கியது என்று கேட்டால் காட்ட எதுவும் இல்லை.

கட்டுமாவடி மீனவருக்கு நேரடியாகத் தொடர்புள்ள பாடம் இன்னும் பழையது. 1974 ஜூனில் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் என்று ஒப்பந்தமானபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்டில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நாடாளுமன்றத்திலும் குரல் எழுந்தது. ஒப்பந்தத்தைத் தடுக்க முடியாவிட்டாலும் கேட்க வாய் இருந்தது.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. சுதந்திர இந்தியா கண்ட மிகக் கடுமையான அரசு அது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. மிசாவில் தலைவர்கள் சிறையில். 1976 ஜனவரி 31-ஆம் தேதி தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறையில் கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள், முன்னாள் மேயர் சிட்டிபாபு உயிரிழந்தார். பின்னாளில் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் அந்தக் கொடுமைகளைப் பதிவு செய்தது. இப்படி ஊரே வாய்பொத்தி இருந்த நேரத்தில், 1976 மார்ச் 23-ஆம் தேதி, இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். எல்லைக்கு அப்பால் இந்திய மீனவர்கள் மீன் பிடிக்கக் கூடாது என்பது அந்தக் கடிதங்களில் இருந்தது. பாரம்பரியக் கடல் கைவிட்டுப் போனது. அப்போது கேள்வி கேட்கச் சட்டமன்றம் இல்லை, எழுதப் பத்திரிகை இல்லை, கூட்டம் போட அனுமதியில்லை. நாட்டுக்குள் கர்ஜித்த அரசு, தன் மீனவனின் பிழைப்பை ஒரு தாளில் எழுதிக்கொடுத்தது. அரை நூற்றாண்டு ஆகியும் அந்தத் தாளின் விலையை இந்தக் கரை செலுத்திக்கொண்டிருக்கிறது. 2021-ல் மட்டும் ஜனவரியிலும் அக்டோபரிலும் இதே கரையின் கோட்டைப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போன படகுகள் இலங்கைக் கடற்படைக் கப்பல்களோடு மோதி மூழ்கின. ஐந்து பேர் சடலமாகத் திரும்பினார்கள்.

அக்கரையைப் பார்த்தால் கடுமையின் கணக்கு இன்னும் கொடூரமானது. 1979 ஜூலையில் இலங்கை அரசு பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் வடக்கில் பயங்கரவாதத்தை ஒழித்துவிட வேண்டும் என்று ஒரு பிரிகேடியருக்கு ஜனாதிபதி ஜெயவர்தனே கெடு வைத்தார். அன்று ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் மிகச் சிலர். மூன்று ஆண்டில் அந்தத் தற்காலிகச் சட்டம் நிரந்தரமானது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாடு கேட்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். அவர்களில் ஒருவரான அமிர்தலிங்கம் அதுவரை நாடாளுமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவர். வாக்குப்பெட்டி வழியாக வந்தவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய பிறகு, பேச மிஞ்சியவர்கள் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மட்டுமே. போர் 2009 வரை நடந்தது.

சரி, அத்தனை இரத்தம் சிந்திக் கட்டிய இரும்புக் கோட்டை பத்து ஆண்டு கழித்தாவது காப்பாற்றியதா? 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் நட்சத்திர ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நாற்பது ஆண்டுப் பழைமையான தடைச் சட்டம் அமலில்தான் இருந்தது. படையும் உளவுத்துறையும் இருந்தன. தாக்குதல் நடக்கப்போகிறது என்று ஏப்ரல் 4-ஆம் தேதியே இந்தியா தகவல் கொடுத்திருந்தது. ஆனால் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத நிலையில் அந்தத் தகவல் மேசைக்கு மேசை நகர்ந்ததோடு சரி. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறையில் வைக்கும் அதிகாரம் எவ்வளவு இருந்தும் என்ன பயன்? வந்த கடிதத்தைப் படித்து நடவடிக்கை எடுக்க ஆள் இல்லை.

உலகத்திலேயே மென்மையான நாடு என்று பெயரெடுத்த நார்வேக்கும் இந்தச் சோதனை வந்தது. 2011 ஜூலை 22-ஆம் தேதி ஒரே ஆள் குண்டு வைத்தும் சுட்டும் 77 பேரைக் கொன்றான். அவனைச் சாதாரண நீதிமன்றத்தில், சாதாரணச் சட்டப்படி விசாரித்து, அந்நாட்டின் அதிகபட்சத் தண்டனையைக் கொடுத்தார்கள். பிறகு ஒரு சுதந்திரமான குழு அமைத்து எங்கே கோட்டை விட்டோம் என்று அலசினார்கள். அரசு வளாகத்துக்கு முன்னால் இருந்த தெருவை மூட வேண்டும் என்று முன்பே முடிவாகியும் மூடவில்லை, அதைச் செய்திருந்தால் குண்டுவெடிப்பைத் தடுத்திருக்கலாம் என்று அந்தக் குழு அரசின் முகத்துக்கு நேராகச் சொன்னது. இப்படித் தன் தவற்றைத் தானே தோண்டி எடுக்க ஒரு ஜனநாயகத்தால்தான் முடியும்.

ஆகவே பிரச்னை மென்மையில் இல்லை. நம் ஊரில் மென்மை என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு மெத்தனம். அது உண்மையிலேயே ஆபத்தானது, அதன்மீது கோபப்படுவது நியாயம்.

அந்த மெத்தனம் எப்படி இருக்கும் என்று பார்க்க டெல்லிக்கோ கொழும்புக்கோ போக வேண்டியதில்லை. கட்டுமாவடிக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் நாட்டுப்படகு மீனவரின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-லேயே வந்துவிட்டது. கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்பது விதி. இரு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலைக்குத் தடை இருக்கிறது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு எந்த நாள், நாட்டுப்படகுக்கு எந்த நாள் என்று கிழமைகூடப் பிரித்திருக்கிறார்கள். ஆனாலும் விடியும்போது போய்ப் பார்த்தால் நண்டு வலை கிழிந்து கிடக்கும். கடனை வாங்கி, கண்ணி கண்ணியாகக் கட்டிய வலை அது. புகார் கொடுத்தால் இரண்டு ஊருக்கும் பஞ்சாயத்து வைத்து அனுப்புவார்கள். பெரிய படகுக்காரரின் செல்வாக்கு, தேர்தல் கணக்கு, அதிகாரிகளின் தயக்கம் எல்லாம் சேர்ந்து சட்டத்தைத் தாளிலேயே தூங்க வைத்திருக்கின்றன. விசைப்படகுகளை ஆழ்கடலுக்குத் திருப்பிவிட 2017-ல் அறிவித்த திட்டம் இரண்டாயிரம் படகு என்று இலக்கு வைத்தது. கடலில் இறங்கியவை அதில் மிகச் சொற்பம். இதே மெத்தனம்தான் அக்கரையில் யாழ்ப்பாணத் தமிழ் மீனவரின் வலையையும் அறுக்கிறது, பிறகு இலங்கைக் கடற்படையை வரவழைக்கிறது. இலங்கை 2017-ல் இழுவை மடிக்குத் தடை போட்டது, 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தைப் பல மடங்கு ஏற்றியது. அதன் பிறகும் 2024-ல் மட்டும் ஐநூறுக்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைதானார்கள். பிழைப்புக்கு மாற்றுவழி காட்டாத கடுமை எதையும் நிறுத்தவில்லை.

இதே மாவட்டத்தின் வேங்கைவயல் மற்றொரு சாட்சி. 2022 டிசம்பரில் அங்கே தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. அடுத்த மாதம் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. குற்றப்பத்திரிகை தாக்கலாக 2025 ஜனவரி ஆனது. அதுவும் பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. குண்டர் சட்டத்தில் ஆட்களை அடைப்பதில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இது. ஒரு தண்ணீர்த் தொட்டியில் நடந்த குற்றத்துக்கு மக்கள் நம்பும்படி விடை சொல்ல இரண்டு ஆண்டுகள் போதவில்லை. விசாரணை அதிகாரிக்குப் பயிற்சி, தடய அறிவியல் வசதி, அரசியல் தலையீடு இல்லாத சூழல் ஆகியவைதான் குற்றவாளியைப் பிடிக்கின்றன. ஜாமீன் கிடைக்காத சட்டம் இவற்றில் எதையும் தருவதில்லை.

கண்டிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மும்பையில் உயிரோடு பிடிபட்ட கசாபுக்கு வக்கீல் வைத்து, சாட்சிகளை விசாரித்து, உச்ச நீதிமன்றம் வரை கேட்டுத்தான் தண்டனை கொடுத்தார்கள். அதனால் இந்தியா இளைத்துப்போய்விடவில்லை. அந்த விசாரணையைப் பொய் வழக்கு என்று எளிதில் தள்ளிவிட முடியாதபடி ஆனது. அதே மும்பையில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. கொலாபாப் பக்கம் மச்சிமார் குடியிருப்புக் கரையில் ரப்பர் படகிலிருந்து இறங்கிய அந்தப் பத்துப் பேரை முதலில் பார்த்தவர்கள் மீனவ மக்கள். நீங்கள் யார் என்று அவர்கள் கேட்டார்கள். போலீஸுக்கும் சொன்னார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

கட்டுமாவடியிலும் கடலில் புதுப் படகு வந்தால் முதலில் பார்க்கப்போவது மீனவர்தான். இரவில் எந்த விளக்கு எந்த ஊர்ப் படகு என்று அவருக்குத் தெரியும். அவரைச் சந்தேகத்தோடு நிறுத்தி அட்டை கேட்பதோடு பாதுகாப்பு முடிந்துவிடாது. அவருடைய கிழிந்த வலைக்கும் நியாயம் கிடைத்தால்தான், நாளை சந்தேகப் படகைப் பார்க்கும்போது போலீஸை நம்பிக் கூப்பிடுவார். அடுத்த ஒத்திகைக்கு முன்னால் அரசு இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். விசைப்படகுக்கான கரையோரத் தொலைவு விதியை ஒரு பருவமாவது முழுதாக அமல்படுத்திக் காட்டட்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணை நள்ளிரவில் ஒரு மீனவர் அழைத்தால், எடுத்துப் பேச ஆளும், உடனே புறப்பட டீசல் நிரப்பிய ரோந்துப் படகும் கரையில் தயாராக இருக்கட்டும்.